ஃப்ளாப்பி டிரைவ் இல்லாத லேப்டாப்களில் சிஸ்டம் இமேஜ் போடுவது எப்படி: புதியவர்களுக்குப் படிப்படியாக

உங்களிடம் ஒரு தொகுதி லேப்டாப் வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே விண்டோஸ், ஒரே மென்பொருள்கள், ஒரே அமைப்புகள் இருக்க வேண்டும். முன்பு இந்த வேலையைப் பார்த்தவர் எழுதி வைத்த குறிப்பின் முதல் வரியே "பூட் ஃப்ளாப்பியைப் போட்டு மெஷினை ஆன் செய்யவும்" என்கிறது. லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஃப்ளாப்பியும் இல்லை, சிடி டிரைவும் இல்லை, சில மெல்லிய மாடல்களில் நெட்வொர்க் கேபிள் செருகவே இடமில்லை. நானும் இதே இடத்தில் நின்று திணறியிருக்கிறேன். தேவையான தகவல்கள் துண்டு துண்டாகக் கிடைத்தன, அதிலும் பாதி இன்றைய மெஷின்களுக்குப் பொருந்தாதவை. அடுத்தவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

ஃப்ளாப்பி செய்து வந்த வேலை என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். டிஸ்கில் எதுவுமே இல்லாத மெஷினை எழுப்பி, இமேஜ் (தயாரான டிஸ்க் ஒன்றின் முழு நகல்) இருக்கும் இடத்தை எட்டிப் பார்க்கும் நிலைக்குக் கொண்டுவருவது, அவ்வளவுதான். அந்த 1.44 எம்பிக்குள் டாஸ், நெட்வொர்க் கார்டு டிரைவர், கோஸ்ட் மாதிரி டிஸ்கை நகலெடுக்கும் ஒரு நிரல் என்று எல்லாவற்றையும் அடைத்தார்கள். இன்று அந்த வேலையைப் பென்டிரைவோ நெட்வொர்க் பூட்டோ செய்கிறது. மெஷின் ஒழுங்காக பூட் ஆகிவிட்டால் இமேஜ் எழுதுவது சில நிமிட வேலை. நாள் முழுக்க விழுங்குவது அந்த பூட் ஆகும் கட்டம்தான், ஆகவே கீழே அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. மாடல் வாரியாகப் பட்டியல் போடுங்கள்

எந்தக் கருவியையும் இறக்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு மெஷினை எடுத்து, பயாஸுக்குள் (மெஷின் எழும்போதே திறக்கும் அமைப்புத் திரை) போய்ப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்: பூட் முறை புதிய யூஇஎஃப்ஐ மட்டுமா, பழைய லெகஸி முறையும் உண்டா? கேபிள் போர்ட் இருக்கிறதா? யூஎஸ்பி-ஏ போர்ட் இருக்கிறதா, வெறும் சி மட்டும்தானா? டிஸ்கின் இணைப்பு வகை என்விஎம்இயா சாட்டாவா, எத்தனை ஜிபி? பயாஸுக்குக் கடவுச்சொல் போட்டிருக்கிறதா?

டிஸ்க் அளவு ஏன் முக்கியம் என்றால், பொதுவாக மூல மெஷினின் டிஸ்கைவிடச் சிறிய டிஸ்கில் இமேஜை இறக்க முடியாது. 512 ஜிபி மெஷினில் எடுத்த இமேஜை 256 ஜிபி மெஷினில் போட முயன்றால், உள்ளே 40 ஜிபிதான் தரவு இருந்தாலும் டிஸ்கை நகலெடுக்கும் நிரலான குளோன்ஜில்லா வழக்கமான அமைப்பில் மறுத்துவிடும். பட்டியலில் இருக்கும் ஆகச் சிறிய டிஸ்க்தான் உங்கள் மூல இமேஜின் அளவைத் தீர்மானிக்கிறது.

கூடவே ஒவ்வொரு மெஷினின் சீரியல் எண்ணையும் எடுத்து வையுங்கள். பின்னால் கணினிப் பெயர் வைக்கவும், எது முடிந்தது எது பாக்கி என்று பார்க்கவும் அதுதான் உதவும்.

2. ஆவணங்கள்: லைசென்ஸும் ரெக்கவரி சாவியும்

இதை எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள், தயவுசெய்து தள்ளாதீர்கள். லேப்டாப்போடு வரும் ஓஇஎம் விண்டோஸ் லைசென்ஸ், அந்த மெஷினில் விண்டோஸைப் பயன்படுத்தும் உரிமை. நீங்களே தயாரித்த ஒரே இமேஜை எல்லா மெஷின்களிலும் இறக்குவதற்கு மைக்ரோசாஃப்ட் தனியாக "ரீஇமேஜிங்" உரிமை என்று ஒன்றை வைத்திருக்கிறது. அது வால்யூம் லைசென்ஸ் (மொத்தமாக வாங்கும் உரிமம்) வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத்தான் வரும், இமேஜும் வால்யூம் லைசென்ஸ் மீடியாவிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். எல்லா மெஷினுக்கும் மறுபடி லைசென்ஸ் வாங்கத் தேவையில்லை, ஆனால் உங்கள் நிறுவனத்திடம் வால்யூம் ஒப்பந்தம் உண்டா, அதில் இந்தப் பதிப்பும் எடிஷனும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஹோம் எடிஷனோடு வந்த லேப்டாப்பில் புரோ இமேஜைப் போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகாது என்பதும் நினைவில் இருக்கட்டும். கேஎம்எஸ் முறையில், அதாவது நிறுவனத்துக்குள் இருக்கும் ஒரு சர்வர் மூலம், ஆக்டிவேட் செய்வதானால் குறைந்தது 25 விண்டோஸ் மெஷின்கள் அந்த சர்வரைத் தொடர்பு கொண்டிருக்க வேண்டும், சிறிய இடங்களுக்கு மேக் (MAK) எனும், பல மெஷின்களுக்குப் பொதுவான ஆக்டிவேஷன் சாவிதான் சரிப்படும்.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் டிஸ்க் என்க்ரிப்ஷன். புதிதாக வந்த லேப்டாப்பில் யாரும் எதுவும் செய்யாமலேயே டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருக்கலாம். அதில் எடுக்க வேண்டிய தரவு எதாவது இருந்தால், பயாஸில் கை வைப்பதற்கு முன்பே ரெக்கவரி சாவியை எடுத்துவிடுங்கள். செக்யூர் பூட் என்ற பயாஸ் பாதுகாப்பை அணைத்தால் அடுத்த பூட்டிலேயே பிட்லாக்கர் 48 இலக்கச் சாவியைக் கேட்டு நிற்கும், சாவி இல்லையென்றால் உள்ளே இருப்பது போனதுதான்.

3. பென்டிரைவா, நெட்வொர்க்கா?

பத்து மெஷினுக்குள் என்றால் பென்டிரைவ் போதும், யோசிக்கவே வேண்டாம். அதற்கு மேல் போனால், அல்லது இதே வேலை மாதாமாதம் வரும் என்றால், நெட்வொர்க் வழிக்கு ஒருமுறை மெனக்கெடுவது பலன் தரும்.

செலவைப் பொறுத்தவரை மென்பொருளுக்குப் பணம் தேவையில்லை. குளோன்ஜில்லா, நெட்வொர்க் வழியாக இமேஜ் அனுப்பும் ஃபாக், பென்டிரைவை பூட் ஆகும்படி செய்யும் வென்டாய், ரூஃபஸ் எல்லாமே இலவசம். காசு போவது நாலு இடத்தில்: யூஎஸ்பி 3 பென்டிரைவ்கள், கேபிள் போர்ட் இல்லாத மாடல்களுக்கு யூஎஸ்பி நெட்வொர்க் டோங்கிள், ஒரு ஜிகாபிட் சுவிட்ச், இமேஜை வைக்க ஒரு பழைய டெஸ்க்டாப். டோங்கிளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், காரணம் 7-ஆம் படியில் வருகிறது.

4. பயாஸில் மாற்ற வேண்டியவை

பூட் மெனு சாவி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டெல், லெனோவோ திங்க்பேட் இரண்டிலும் எஃப்12, எச்பியில் எஃப்9, அசூஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12தான், ஆனால் பயாஸுக்குள் போய் அந்த மெனுவை முதலில் இயக்கி வைக்க வேண்டியிருக்கும்.

செக்யூர் பூட் அடுத்த தடை. கையெழுத்திடப்படாத பூட் நிரலை அது விடாது. ஃபாக் சர்வரின் ஐபிஎக்ஸ்இ என்ற நெட்வொர்க் பூட் நிரல் வழியாகப் போவதானால் பெரும்பாலும் செக்யூர் பூட்டை அணைத்துத்தான் ஆக வேண்டும், வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். குளோன்ஜில்லா செக்யூர் பூட்டோடு வேலை செய்யும் என்று படித்துவிட்டு, புது லேப்டாப்பில் அது நடக்காமல் குழம்புகிறவர்கள் உண்டு. சில புதிய மாடல்களில், குறிப்பாகத் திங்க்பேட்களில், மைக்ரோசாஃப்ட்டின் மூன்றாம் தரப்புச் சான்றிதழை ஏற்கும் தேர்வு பயாஸில் அணைக்கப்பட்டே வருகிறது. அதை இயக்கினால் லினக்ஸ் வகைக் கருவிகள் எழும்.

நிறையப் பேரின் நேரத்தைத் தின்னும் இன்னொன்று, டிஸ்க் கன்ட்ரோலர் முறை. இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் அது ரெய்டு அல்லது விஎம்டி என்று அமைக்கப்பட்டு வரும். குளோன்ஜில்லா அழகாக பூட் ஆகும், மெனு வரும், ஆனால் டிஸ்க்கே இல்லை என்று சொல்லும். லேப்டாப் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பயாஸில் விஎம்டியை அணைத்தால் அல்லது ஏஎச்சிஐக்கு மாற்றினால் டிஸ்க் தெரியும். ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் மெஷினில் இதை மாற்றினால் அந்த விண்டோஸ் நீலத்திரையில் நிற்கக்கூடும். முழுதாக அழித்துப் புது இமேஜ் போடப் போகிற மெஷின் என்றால் கவலை இல்லை. வின்பிஇ (பென்டிரைவிலிருந்து எழும் சிறு விண்டோஸ்) வழியில் போகிறவர்கள் முறையை மாற்றாமல் இன்டெல்லின் ஆர்எஸ்டி டிஸ்க் டிரைவரை வின்பிஇக்குள் சேர்த்தும் சமாளிக்கலாம்.

5. மூல இமேஜைத் தயாரியுங்கள்

என் அழுத்தமான கருத்து: மூல இமேஜை லேப்டாப்பில் தயாரிக்காதீர்கள், விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) தயாரியுங்கள். குறிப்பிட்ட வன்பொருளின் டிரைவர்கள் எதுவும் ஒட்டாமல் சுத்தமாக இருக்கும், டிஸ்க் அளவை 60 அல்லது 64 ஜிபி என்று சிறியதாக வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு கட்டத்திலும் ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துத் தவறினால் பின்னால் போகலாம்.

விண்டோஸ் நிறுவி முதல் அமைப்புத் திரை வந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இமேஜ் தயாரிப்பதற்கான ஆடிட் முறைக்குள் போகும். அங்கே மென்பொருள்களை நிறுவுங்கள். இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்தே வையுங்கள், ஸ்டோர் செயலிகள் பின்னணியில் தாமாக அப்டேட் ஆகிக்கொண்டால், மெஷினின் தனி அடையாளத்தை நீக்கும் சிஸ்பிரெப் கருவி பிழை காட்டி நின்றுவிடும். ஒரு பயனருக்கு மட்டும் நிறுவப்பட்டு, எல்லோருக்கும் வழங்கப்படாத செயலி ஒன்று இருந்தாலே போதும். அப்படி நின்றால் சிஸ்பிரெப் கோப்புறைக்குள் இருக்கும் பேந்தர் என்ற கோப்புறையின் லாக் கோப்பைத் திறந்து பாருங்கள், எந்தச் செயலி தடுக்கிறது என்று பெயரோடு எழுதியிருக்கும். அதை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டலாம்.

டொமைனில் சேர்க்காதீர்கள், பிட்லாக்கர் போடாதீர்கள். எல்லாம் முடிந்ததும் சிஸ்பிரெப்பில் ஜெனரலைஸ் தேர்வைக் குறியிட்டு, ஷட்டவுன் கொடுத்து அணைக்கவும். அணைந்தபின் மறுபடி விண்டோஸாக எழுப்பாதீர்கள்; எழுப்பினால் சிஸ்பிரெப் செய்தது வீண், ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்ப வேண்டும். சிஸ்பிரெப் செய்யாமல் அப்படியே குளோன் எடுத்தாலும் மெஷின்கள் ஓடத்தான் செய்யும், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே அடையாளம் இருக்கும். மேலாண்மைச் சர்வர்கள் அவற்றைக் குழப்பிக்கொள்ளும், மைக்ரோசாஃப்ட்டும் ஆதரவு தராது.

முதல் அமைப்புக் கேள்விகளைத் தவிர்க்க அன்அட்டெண்ட் கோப்பு சேர்ப்பவர்கள் கவனிக்க: அதில் எழுதும் கடவுச்சொல் சாதாரணமாகவே படிக்கக் கிடைக்கும். இமேஜோடு அது ஊரெல்லாம் போகும், ஆகவே தற்காலிகக் கடவுச்சொல் மட்டும் வைத்துப் பின்னால் மாற்றிவிடுங்கள்.

விண்டோஸின் ரெக்கவரி பார்ட்டிஷன் சி டிரைவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால், பெரிய டிஸ்கில் இறக்கியபின் சி-யை விரிக்க முடியாமல் அது குறுக்கே நிற்கும். விர்ச்சுவல் மெஷினிலேயே அதற்கு ஒரு வழி செய்துவிடுங்கள், சி கடைசிப் பார்ட்டிஷனாக இருந்தால் எல்லாம் சுலபம்.

லினக்ஸ் இமேஜ் என்றால் இவ்வளவு இல்லை. மெஷின் ஐடி கோப்பைக் காலி செய்து, எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளை அழித்து, முதல் பூட்டில் புதிதாக உருவாகும்படி வைத்துவிட்டு அணைத்தால் சரி.

6. பென்டிரைவ் வழி

பென்டிரைவில் வென்டாய் நிறுவி, குளோன்ஜில்லாவின் ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே காப்பி செய்யுங்கள். அதே பென்டிரைவில் தனிப் பார்ட்டிஷன் ஒன்றில் இமேஜையும் வைக்கலாம், இடம் இருந்தால். முதலில் அணைந்த விர்ச்சுவல் மெஷினைக் குளோன்ஜில்லாவில் எழுப்பி, டிஸ்கைச் சேமிக்கும் தேர்வால் மூல இமேஜை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு லேப்டாப்பில்: பூட் ஆனதும் "டிவைஸ்-இமேஜ்" என்ற தேர்வு, பிறகு இமேஜ் இருக்கும் இடம், பிறகு டிஸ்கை மீட்கும் தேர்வு. எந்த டிஸ்கில் எழுதப் போகிறது என்று இரண்டு முறை கேட்கும், அங்கே கண்ணை மூடிக்கொண்டு சம்மதம் கொடுக்காதீர்கள், அளவைப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். இமேஜ் இருக்கும் பென்டிரைவையே அழித்துவிடும் வாய்ப்பு இந்தத் திரையில்தான் இருக்கிறது.

வின்பிஇ பென்டிரைவ் செய்கிறவர்களுக்கு ஒரு பொறி: யூஇஎஃப்ஐ உறுதியாக எழுப்பும் வடிவம் ஃபேட்32, அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, உங்கள் இமேஜான விம் கோப்போ கட்டாயம் தாண்டும். இரண்டு பார்ட்டிஷன் போட்டு, பூட் பகுதியை ஃபேட்32-இலும் இமேஜை என்டிஎஃப்எஸ்-இலும் வையுங்கள். அல்லது விம் கோப்பைத் துண்டுகளாகப் பிரியுங்கள்.

இமேஜை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் மெஷினிலிருந்து எடுப்பதாக இருந்தால், ஷிஃப்டை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுங்கள். சாதாரண ஷட்டவுன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாக பாதித் தூக்கத்தில்தான் போகும், குளோன்ஜில்லா அந்த டிஸ்கைத் தொட மறுக்கும்.

7. நெட்வொர்க் வழி

லேப்டாப் நெட்வொர்க்கிலிருந்து எழும்போது, நெட்வொர்க் முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வரிடம் முகவரியோடு இரண்டு தகவல் கேட்கும்: பூட் சர்வர் எது, கோப்புப் பெயர் என்ன. அவை டிஎச்சிபி ஆப்ஷன் 66, 67. பிறகு டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் முறை வழியாக, யூடிபி 69-ஆம் போர்ட்டில், அந்தக் கோப்பை இழுத்துக்கொள்ளும். லெகஸி பயாஸுக்கு ஒரு கோப்பு, யூஇஎஃப்ஐக்கு வேறு கோப்பு. இரண்டையும் கலந்து வைத்திருப்பவர்கள் ஒரே கோப்பைக் கொடுத்துவிட்டு ஏன் பாதி மெஷின் எழவில்லை என்று தேடுவார்கள். மெஷின் தன் வகையை ஆப்ஷன் 93-இல் சொல்லும், அதைப் பார்த்துச் சரியான கோப்பைக் கொடுக்குமாறு டிஎச்சிபியை அமைக்கலாம்.

சர்வருக்குப் புதியவர்களுக்கு ஃபாக்கைப் பரிந்துரைக்கிறேன். ஒரு லினக்ஸ் மெஷினில் நிறுவினால் டிஎஃப்டிபி, ஐபிஎக்ஸ்இ, வலைப்பக்க மேலாண்மை எல்லாம் சேர்ந்தே வரும். விண்டோஸ் டிப்ளாய்மென்ட் சர்வீஸஸ் என்ற பழைய வழியில் விண்டோஸ் 11 மீடியாவின் பூட் கோப்பை நேரடியாகப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்ட் தடுத்துவிட்டது, புதிதாகத் தொடங்குபவர்கள் அதில் இறங்க வேண்டாம்.

அலுவலக நெட்வொர்க்கில் சொந்தமாக டிஎச்சிபி சர்வரை ஓடவிடாதீர்கள், இருக்கும் டிஎச்சிபியோடு மோதி மற்றவர்களின் இணைப்பு போய்விடும். தனி சுவிட்ச் ஒன்றில் சர்வரையும் லேப்டாப்களையும் மட்டும் இணைத்து வேலை செய்வது நிம்மதி. அப்படி முடியாவிட்டால் டிஎன்எஸ்மாஸ்க் நிரலின் பிராக்ஸி டிஎச்சிபி முறை இருக்கிறது, அது முகவரி கொடுக்காது, பூட் தகவலை மட்டும் சேர்த்துச் சொல்லும்.

மேலாண்மை வசதியுள்ள பெரிய சுவிட்சில் செருகும்போது பூட் தகவல் வராமல் நேரம் முடிந்துவிட்டது என்று வந்தால், ஸ்பானிங் ட்ரீயை (நெட்வொர்க்கில் வளையம் உருவாகாமல் தடுக்கும் சுவிட்ச் வசதி) சந்தேகியுங்கள். வழக்கமான முறையில் போர்ட் உயிர்பெறவே 30 நொடி ஆகும், அதற்குள் லேப்டாப் பொறுமை இழந்துவிடும். அந்தப் போர்ட்டில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போடச் சொல்லுங்கள், அல்லது நடுவில் ஒரு சாதாரண சுவிட்சை வையுங்கள்.

இப்போது டோங்கிள். வைஃபை வழியாக நெட்வொர்க் பூட் செய்யலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். கேபிள் போர்ட் இல்லாத லேப்டாப்புக்கு யூஎஸ்பி நெட்வொர்க் டோங்கிள் தேவை. அந்த டோங்கிளுக்கான டிரைவர் லேப்டாப்பின் யூஇஎஃப்ஐக்குள்ளேயே இருந்தால்தான் பூட் ஆகும், விண்டோஸில் வேலை செய்கிறது என்பது போதாது. லேப்டாப் நிறுவனமே அந்த மாடலுக்குப் பரிந்துரைக்கும் டோங்கிளை வாங்குங்கள். கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு: ஒரே டோங்கிளை மெஷின் மெஷினாக மாற்றிச் செருகினால் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) எல்லாவற்றுக்கும் ஒன்றே, சர்வர் எல்லாவற்றையும் ஒரே மெஷின் என்று நினைக்கும். பயாஸில் மேக் முகவரி பாஸ்-த்ரூ என்ற தேர்வு இருந்தால் இயக்குங்கள், அப்போது லேப்டாப்பின் சொந்த முகவரி போகும். இல்லையென்றால் ஃபாக்கில் மெஷினைப் பதிவு செய்யாமல், பூட் மெனுவிலிருந்தே நேரடியாக இமேஜை இறக்கும் தேர்வைப் பயன்படுத்தலாம்.

8. எவ்வளவு நேரம் ஆகும்?

சுருக்கியபின் 20 ஜிபி வரும் இமேஜ் என்று வைத்துக்கொள்வோம். ஜிகாபிட்டில் நொடிக்குக் கிட்டத்தட்ட 110 எம்பி போகும், அதாவது கணக்குப்படி மூன்று நிமிடம், நடைமுறையில் விரித்து எழுதும் நேரமும் சேர்த்து ஐந்திலிருந்து பத்து நிமிடம். அதே கேபிள் 100 மெகாபிட்டில் இணைந்திருந்தால் அரை மணி நேரம். ஜிகாபிட்டுக்குக் கேபிளின் நாலு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், ஒன்று அறுந்திருந்தாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். ஒரு மெஷின் மட்டும் மெதுவாக இருந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

பத்து மெஷினுக்குத் தனித்தனியாக அனுப்பினால் அதே ஜிகாபிட் பத்தாகப் பங்கு போகும், மொத்தம் அரை மணி. மல்டிகாஸ்ட்டில் ஒரே ஓட்டம் எல்லோருக்கும் சேர்ந்து போவதால் பத்துக்கும் ஒன்றுக்கும் ஏறத்தாழ ஒரே நேரம், ஆனால் கூட்டத்தில் ஆக மெதுவான மெஷினின் வேகம்தான் எல்லோருக்கும். ஒரே மாடல்களை ஒரே குழுவாகப் போடுங்கள்.

எப்படியானாலும் ஒவ்வொரு மாடலிலும் ஒரு மெஷினில் முழுதாகச் செய்து, விண்டோஸ் எழுந்து, வைஃபை, டச்பேட், ஒலி, வெப்கேம், தூங்கி எழுவது எல்லாம் பார்த்த பிறகே மற்றவற்றைத் தொடுங்கள். விடுபட்ட டிரைவர் இருந்தால் நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கான டிரைவர் தொகுப்பு கிடைக்கும், விண்டோஸின் டிசம் கருவியால் இமேஜில் சேர்த்துவிடலாம். இந்தச் சோதனைக்கு மாடலுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். எல்லா மெஷின்களும் சார்ஜரில் இருக்கட்டும், எழுதும் நடுவில் பேட்டரி தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து.

9. யூஎஸ்பியில் எழாத பழைய லேப்டாப்கள்

அரிதுதான், ஆனால் சில இடங்களில் இன்னும் இருக்கின்றன. சிடி டிரைவ் இருந்தால் எல் டோரிட்டோ முறையில் ஃப்ளாப்பியின் இமேஜையே சிடியில் எழுதி பூட் செய்யலாம், மெஷின் அதை ஏ டிரைவாகவே பார்க்கும். நெட்வொர்க் பூட் இருந்தால் சிஸ்லினக்ஸின் மெம்டிஸ்க் அந்த ஃப்ளாப்பி இமேஜை நினைவகத்தில் ஏற்றிக் கொடுக்கும். இரண்டும் லெகஸி பயாஸில் மட்டுமே நடக்கும், யூஇஎஃப்ஐ மட்டும் உள்ள மெஷினில் டாஸ் எழாது, யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் வாங்கினாலும் எழாது. எதுவும் சரிப்படாவிட்டால் டிஸ்கைக் கழற்றி, சாட்டா-யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி, வேறொரு மெஷினிலிருந்து எழுதிவிட்டுத் திரும்பப் பொருத்துங்கள். இரண்டு மூன்று மெஷினுக்கு இதுவே மிக விரைவான வழி.

10. எழுதி முடித்தபின்

இமேஜ் ஏறியும் லேப்டாப் பூட் ஆகவில்லை என்றால், பயாஸின் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜர் இருக்கிறதா, அது முதலில் நிற்கிறதா என்று பாருங்கள். லெகஸி முறையில் எடுத்த இமேஜை யூஇஎஃப்ஐ மெஷினில் போட்டிருந்தால் எவ்வளவு தேடியும் அது வராது, மூல விர்ச்சுவல் மெஷினையே யூஇஎஃப்ஐ முறையில் மறுபடி நிறுவுவதுதான் நல்லது.

எழுந்தபின் ஒவ்வொன்றிலும் வரிசையாக: கணினிப் பெயர், சி டிரைவை முழு அளவுக்கு விரித்தல், ஆக்டிவேஷன், டொமைன், தற்காலிகக் கடவுச்சொல்லை மாற்றுதல். செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்கிவிட்டு அதன்பிறகே பிட்லாக்கர், இந்த வரிசையை மாற்றினால் மறுபடி சாவி கேட்கும். ரெக்கவரி சாவியைச் சீரியல் எண்ணோடு பட்டியலில் ஏற்றுங்கள். மூல விர்ச்சுவல் மெஷினை, சிஸ்பிரெப்புக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டோடு, பத்திரமாக வைத்திருங்கள். சில மாதம் கழித்து அப்டேட்களைச் சேர்த்துப் புது இமேஜ் எடுக்க அங்கிருந்துதான் தொடங்குவீர்கள்.